சிம்சுபா மரத்தின் மேலிருந்து ஓர் உபந்யாஸம்

ஸ்ரீ:

உத்ஸவ நாட்களில் பெருமாள் மாலைப் புறப்பாடு கண்டருளிய பின், மண்டபத்தில் ஸ்ரீராமாயண உபந்யாஸம் நடைபெறுவது நம் ஸந்நிதிகளில் பழைய வழக்கம். யாத்ரிகர்கள் பலர் கால் ஓய்ந்து அங்கே அமர்ந்து கேட்கிறார்கள். கேட்டுவிட்டு எழுந்து போகையில் அவர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்தால் இருவகைக் குறைகள் காதில் விழும். முதியோர் சிலர், "வால்மீகி பகவானுடைய வாக்கைக் கடைத்தெருப் பேச்சில் சொல்லலாமா? பெருமாளும் பிராட்டியும் நம் வீட்டு மனிதர்களைப் போலப் பேசிக்கொள்வதாகச் சொல்வது அபசாரமன்றோ?" என்பர். இளையோர் சிலரோ, "சொன்னதில் பாதி வடமொழி, பாதி பழந்தமிழ். ப்ரஸாதம் ஒன்றுதான் நன்றாக விளங்கிற்று" என்பர்.

இவ்விரண்டையும் சிரித்துத் தள்ளிவிட இயலாது. முன்னவர் கூற்று முழுதும் சரியென்றால், கதை சொல்வோர் வாய்மூடி இருக்கவேண்டியதுதான். பின்னவர் குறை தீராவிட்டால், இன்னும் ஒரு தலைமுறைக்குள் கேட்போர் அற்றுப்போவர். ஆகவே, பழைய காவியத்தைத் தற்காலத்து எளிய பேச்சில் சொல்வது தகுமா, தகுமெனில் எந்த எல்லைவரை தகும் என்பதை இங்கே ஆராயப் புகுகிறேன். இதற்கு வெளியே எங்கும் பிரமாணம் தேட வேண்டியதில்லை. ஸ்ரீராமாயணத்துக்குள்ளேயே, ஸுந்தர காண்டத்தில் 30-ஆவது ஸர்க்கத்திலும் 31-ஆவது ஸர்க்கத்திலும், ராமகதையை ஒருவர் மற்றொருவருக்கு எளிய சொல்லில் எடுத்துச் சொல்லும் கட்டம் வருகிறது. சொன்னவர் திருவடி. (ஹநுமானை நம் ஸம்ப்ரதாயத்தார் திருவடி என்றே வழங்குவர்.) கேட்டவள் பிராட்டி.

அந்த இரவின் நிலையைச் சற்று நினைவிற் கொள்ளவேண்டும். விடிவதற்கு முன்பாக ராவணன் அசோகவனத்துக்கு வந்து, இன்னும் இரண்டு மாதம் என்று கெடு வைத்துவிட்டுப் போய்விட்டான். ராக்ஷஸிகள் சூழ்ந்து நின்று மிரட்டுகிறார்கள். திரிஜடை தான் கண்ட கனவைச் சொல்லி அவர்களை அடக்குகிறாள். ஆனாலும் பிராட்டியின் மனம் தேறவில்லை. தன் பின்னலாலேயே உயிரை முடித்துக்கொள்ளலாமா என்று நினைக்கும் எல்லைக்கு அவள் வந்துவிட்டாள். இத்தனையையும் சிம்சுபா மரத்தின் இலைகளுக்கிடையில் மறைந்து திருவடி பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசாமல் திரும்பினால் பிராட்டி உயிர் தரிக்கமாட்டாள். பேசத் தவறினாலும் காரியம் கெடும். உபந்யாஸம் செய்வோர் எவருக்கும் இத்தகைய நெருக்கடி வாய்த்ததில்லை. ஒரு தவறான சொல், கேட்பவளின் உயிருக்கே முடிவாகலாம்.

இங்கேதான் திருவடி மொழியைப் பற்றிச் சிந்திக்கிறார். இருபிறப்பாளர் பேசுவதுபோல் திருந்திய ஸம்ஸ்க்ருத வாக்கில் பேசினால், பிராட்டி நம்மை ராவணன் என்றே எண்ணி அஞ்சுவாள். ஆதலால் மனிதர் பேசும் பேச்சில், பொருள் விளங்கும்படி பேசவேண்டும். இது அவர் செய்த முடிவு. கற்றோம் என்ற செருக்குடைய தூதன் தலைவனுடைய காரியத்தைக் கெடுத்துவிடுவான் என்ற கவலையும் அந்த ஸர்க்கத்திலேயே அவருக்கு எழுகிறது. வேத பாடசாலையிலும் ஸம்ஸ்க்ருத பாடசாலையிலும் படித்துவிட்டு மேடையேறும் எம்போல்வார் இவ்விடத்தில் சற்று அதிக நேரம் தங்கவேண்டும்.

திருந்திய மொழியைக் கேட்டால் பிராட்டி ஏன் அஞ்சவேண்டும்? ராவணன் கற்றவன் என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஆரண்ய காண்டத்தில் இருக்கிறது. அவன் பஞ்சவடிக்கு வந்தது ஸந்யாஸி வேடத்தில். வந்தபோது அவன் வாயில் இருந்தது வேத ஒலி. அந்த ஒலியை நம்பித்தானே பிராட்டி அவனுக்கு ஆஸனம் இட்டு உபசரித்தாள்! ஆகவே, உலகத்தாருக்கு எந்த மொழி தூய்மையின் அடையாளமோ, அந்த மொழி அவளுக்கு மட்டும் வஞ்சனையின் அடையாளமாகிவிட்டது. மொழியில் குற்றமில்லை. கேட்பவள் பட்ட பாட்டில் அந்த மொழிக்கு அப்படியொரு நினைவு ஒட்டிக்கொண்டது. சொல்பவன் தன் கல்வியை மட்டும் எண்ணினால் போதாது, கேட்பவர் செவியில் அச்சொல் என்னவாக விழும் என்பதையும் எண்ணவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

'மனிதர் பேச்சு' என்பதற்கு, பூஷணம் என்னும் வ்யாக்யானம் அருளிய கோவிந்தராஜர், கோஸல தேசத்து மக்கள் பேசும் பேச்சு என்று பொருள் காட்டுகிறார். பிராட்டிக்குப் பழகிய பேச்சு அதுவே என்பது அவர் கூறும் காரணம். மிதிலையில் பிறந்தவளாயினும் அவள் வாழ்ந்த மனை அயோத்தியில் அன்றோ? பல மாதங்களாக ராக்ஷஸிகளின் கடுஞ்சொல்லையே கேட்டுக் கிடந்த செவியில், புக்ககத்துப் பேச்சு மரத்தின் மேலிருந்து விழுந்தால் எப்படி இருந்திருக்கும்! வெளியூர் போய் நெடுநாள் தங்கியவர்கள், ரயிலில் நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தவுடன் திரும்பிப் பார்ப்பதை எண்ணிக்கொண்டால் இதன் சுவை ஒருவாறு புலப்படும்.

எளிய பேச்சைத் தேர்ந்தவர் கல்லாதவர் அல்லர். கிஷ்கிந்தா காண்டத்தில் திருவடி முதன்முதலாகப் பேசக் கேட்ட பெருமாள், இளையபெருமாளிடம் அவரைக் கொண்டாடும் இடம் ப்ரஸித்தம். மூன்று வேதங்களையும் பயின்றவராக, வ்யாகரணத்தைப் பலகால் கேட்டவராக இருந்தாலன்றி இப்படிப் பேச இயலாது என்கிறார். இவ்வளவு பேசியும் ஒரு பிழைச்சொல் இல்லை, முகத்திலோ புருவத்திலோ ஒரு விகாரம் இல்லை, நீட்டலும் இல்லை, அவஸரமும் இல்லை, குரல் உயரவும் இல்லை தாழவும் இல்லை என்று அடுக்குகிறார். அத்தகையவர்தான் அசோகவனத்தில் தம் ஸம்ஸ்க்ருதத்தை மடித்து வைத்துவிட்டு ஊர்ப்பேச்சை எடுத்தார். இல்லாதவன் எளிமையாகப் பேசுவது வேறு, இருப்பவன் எளிமையாகப் பேசுவது வேறு. பின்னவனிடம் கேட்டால் எதற்கும் விடை கிடைக்கும். இந்த வேற்றுமை மேலே பயன்படும்.

இனி அவர் சொன்ன கதையைப் பார்ப்போம். 24,000 ச்லோகங்களில் விரியும் சரிதத்தின் பெரும்பகுதியை, 20 ச்லோகத்துக்கு மேற்படாத அந்த 31-ஆவது ஸர்க்கத்துக்குள் அடக்கிவிட்டார். 'நான் ராமதூதன்' என்று தொடங்கவில்லை. தசரதன் என்றொரு ராஜா இருந்தான் என்று, பாட்டி கதை சொல்வதுபோல் தொடங்கினார். பிராட்டிக்கு அது மாமனார் திருநாமம். அச்சமூட்டாத, மரியாதைக்குரிய, மிகவும் பழகிய ஒரு பெயர். அங்கிருந்து மூத்த பிள்ளையான ராமன், காட்டுக்குப் போனது, ஜநஸ்தானத்தில் கரதூஷணர் மாண்டது, மாயமான், பிரிவு, ஸுக்ரீவனுடைய நட்பு, வாலிவதம், திசைதோறும் சென்ற வாநரர், ஸம்பாதியின் வார்த்தை, கடலைத் தாண்டியது என்று ஒரே நூலில் கோத்துக்கொண்டு வந்து, அடையாளங்கள் கேட்டபடியே இருக்கும் அவளை இங்கே கண்டேன் என்று நிறுத்திவிட்டார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

அதுவும் பிராட்டியின் காதுக்கு எட்டும் அளவில், இனிமையாகச் சொன்னார் என்று மஹரிஷி கணக்காகக் காட்டுகிறார். சுற்றிலும் ராக்ஷஸிகள் இருக்கிறார்கள். ஒருத்திக்குச் சொல்லவேண்டியதை ஊருக்குச் சொல்லலாகாது. (நம் உத்ஸவங்களில் ஒலிபெருக்கி வைக்கும் அன்பர்களும் இந்த ச்லோகத்தை ஒருமுறை ஸேவிக்கலாம்.)

அவர் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது இன்னும் பெரிது. கைகேயியின் பெயரை அவர் எடுக்கவே இல்லை. வயது முதிர்ந்த, ஸத்யம் தவறாத தந்தையின் வார்த்தையால் ராமன் வனம் புகுந்தான் என்பதோடு சரி. மானைப் பிராட்டி விரும்பிக் கேட்டாள் என்றும் சொல்லவில்லை. மானின் உருவில் மாயை செய்து ராமனை வஞ்சித்துவிட்டு ராவணன் கவர்ந்து சென்றான் என்றே சொன்னார். பழி முழுவதும் யாரிடம் சேரவேண்டுமோ அவனிடம் சேர்ந்தது. ஏற்கெனவே தன்னையே நொந்துகொண்டிருப்பவளிடம், 'நீ மானைக் கேட்டதால் வந்த வினை' என்று நினைவூட்டுபவன் ஆறுதல் சொல்ல வந்தவன் ஆவானா? இவற்றுள் எதுவும் பொய்யன்று. இல்லாததைச் சேர்க்கவில்லை, இருப்பதில் எதை இப்போது சொல்லவேண்டும் என்று தேர்ந்தார். பிறகு 33-ஆவது ஸர்க்கத்தில் திருவடி கீழிறங்கி வந்து நீ யார் என்று வினவ, பிராட்டியே தன் சரித்திரத்தைச் சொல்கிறாள். அங்கே கைகேயியின் பெயரும் வரமும் அவள் வாயாலேயே வருகின்றன. குடும்பத்துக் குறையைக் குடும்பத்தைச் சேர்ந்தவள் சொல்லலாம். தூதன் முந்திக்கொண்டு சொல்லலாகாது.

அடியேன் இவ்விடத்தை விரித்தெழுதக் காரணம் உண்டு. தற்காலத்தில் கதை சொல்வோர் பலர் மிக எளிய பேச்சையே கையாளுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எளிமை என்று எண்ணிக்கொண்டு வேறொன்றைச் செய்துவிடுகிறார்கள். கூனியையும் கைகேயியையும் தொலைக்காட்சித் தொடரின் மாமியாராக்கிப் பேசுவதும், கும்பகர்ணன் உறக்கத்தில் அரைமணி நேரத்தைச் செலவிடுவதும், பிராட்டி மானைக் கேட்ட இடத்தில் பெண்களின் ஆசையைப் பற்றி நகையாடுவதும் எங்கும் கேட்கிறோம். சபை சிரிக்கிறது. மறுநாள் காலையில், நேற்று என்ன கேட்டீர்கள் என்று வினவினால், அந்த நகைச்சுவை நினைவில் இருக்கிறது, அதன் முன்னும் பின்னும் இருந்த கதை நினைவில் இல்லை. நகைச்சுவை கூடாதென்பதன்று. மஹரிஷியே மதுவனத்தில் வாநரர்களைத் தேன் குடித்துக் கூத்தாட விட்டு நம்மைச் சிரிக்க வைக்கிறார். ஆனால் அழவேண்டிய இடத்தில் அவர் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

மோதிரத்தைச் சொல்லும்போது, "திருவடி கையில் கொண்டுபோனது அடையாள அட்டை" என்று ஓர் உவமை வழங்குகிறது. சிறுவர்களுக்கு உடனே பிடிபடும் உவமைதான். அதை எடுத்த எடுப்பில் நான் ஒதுக்கமாட்டேன். ஆயினும் மூலத்தோடு ஒத்துப் பார்த்தால் ஒரு பழுது தெரிகிறது. அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். வால்மீகியிலோ வரிசை வேறு. கதையைக் கேட்ட பிராட்டி முதலில் அதிசயிக்கிறாள். பிறகு குரங்கைக் கண்டு, இது கெட்ட கனவோ என்று அஞ்சுகிறாள். உறக்கமே இல்லாதவளுக்குக் கனவேது என்று தானே தெளிகிறாள். கேட்டது மெய்யாக வேண்டுமென்று தேவர்களைத் தொழுகிறாள். திருவடி அருகில் வர வர, ராவணன்தான் உருமாறி வந்தானோ என்ற ஐயம் மறுபடி மூள்கிறது. பெருமாளுடைய அடையாளங்களைச் சொல் என்று கேட்கிறாள். அவர் திருமேனியின் அடையாளங்களையெல்லாம் விரிவாகச் சொல்லக் கேட்டு, காரணங்களாலும் பொருத்தமான அடையாளச் சொற்களாலும் தேறி, இவர் தூதரே என்று 35-ஆவது ஸர்க்கத்தின் முடிவில் உணர்ந்துவிடுகிறாள். அதன் பிறகே, 36-ஆவது ஸர்க்கத்தில், நம்பிக்கை மேலும் உறுதிப்படத் திருவாழி மோதிரம் வெளிப்படுகிறது. அதைக் கண்டவள் சோதித்துப் பார்க்கவில்லை. கணவனையே அடைந்தவள்போல் களித்தாள். நம்பிக்கையைப் பிறப்பித்தது சொல், மோதிரம் கொடுத்தது மகிழ்ச்சி. 'அடையாள அட்டை' என்றவுடன் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. உவமையைச் சொன்னவர் அதற்கடுத்து, "ஆனால் ஒரு வித்யாஸம் உண்டு" என்று இதையும் சொல்வாரேயானால், அந்த உவமைக்கும் பயன் உண்டாகும்.

திருவடி ராமகதையைப் பின்னும் சிலருக்குச் சொல்கிறார். மஹேந்திர மலையில் காத்திருந்த வாநரர்களுக்கு, மைநாகம், ஸுரஸை, ஸிம்ஹிகை என்று வழியில் நேர்ந்ததையெல்லாம் நீளமாகச் சொல்கிறார். அவர்கள் வீரர்கள், அந்தக் கதையில் அவர்களுக்குப் பங்குண்டு. பெருமாளிடம் சொல்லும்போது பிராட்டியின் நிலையும் அவள் சொல்லியனுப்பிய வார்த்தைகளுமே பெரும்பகுதி. யுத்த காண்டத்தின் முடிவில் மனித வடிவம் பூண்டு நந்திக்ராமம் சென்று பரதாழ்வானுக்குச் சொல்லும்போது, வனம் புகுந்தது முதல் பாதுகை பெற்றுத் திரும்பியது வரையிலான செய்திகளைத் தொட்டுக் காட்டிவிட்டு, இவையெல்லாம் தேவரீர் அறிந்தவையே, தேவரீர் திரும்பிய பின் நடந்ததைக் கேட்டருள வேண்டும் என்று அங்கிருந்து விரிக்கிறார். கதை ஒன்றே. சொல்பவரும் ஒருவரே. கேட்பவர் மாறியபோது தொடக்கமும் நீளமும் மாறின, நடந்தது மட்டும் எங்கும் மாறவில்லை.

நம் பூர்வாசார்யர்கள் நடந்ததும் இவ்வழியே. எம்பெருமானார் ஸ்ரீராமாயணத்தை ஏட்டை வைத்துக்கொண்டு தனியே படித்ததாக ஸம்ப்ரதாயம் சொல்லவில்லை. திருமலை அடிவாரத்தில் பெரிய திருமலை நம்பிகளிடம் ஓராண்டு இருந்து கேட்டார் என்றே சொல்கிறது. திருவாய்மொழிக்கு நம்பிள்ளை திருவரங்கத்தில் பொருள் சொன்ன நாட்களில், கேட்டுக் கலைந்துபோகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது நம்பெருமாள் உத்ஸவத்துக் கூட்டமோ என்ற மயக்கம் உண்டாயிற்றாம். பகலில் அவர் சொல்லக் கேட்டதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. 32 எழுத்துக் கொண்டது ஒரு படி என்பது கணக்கு. அதை இன்றைக்கும் வாசித்துப் பார்த்தால், எழுதிய நூல் என்பதைவிட ஒருவர் எதிரே அமர்ந்து பேசுவதாகவே தோன்றும். நடுவில் ஒருவர் கேள்வி கேட்கிறார், விடை வருகிறது, பட்டர் இப்படி ஸாதித்தார், நஞ்சீயர் இப்படி ஸாதித்தார் என்று ஒரு ஐதிஹ்யம் வருகிறது, மறுபடி பாசுரத்துக்குத் திரும்புகிறது. அன்றைய கோஷ்டிக்கு அது வீட்டுப் பேச்சு. இன்றைய யாத்ரிகருக்கு அதுவே கடினமான பாடமாகிவிட்டது. எளிமைக்காகச் செய்தது எளிமை இழந்துபோனால், அதைத் திரும்பவும் எளிமையாக்கும் பொறுப்பு பிற்காலத்தவருடையது. மணிப்ரவாளத்தை மாற்றாமல் அப்படியே ஒப்பிப்பதுதான் ஆசார்ய பக்தி என்று வாதிப்போர், நம்பிள்ளை தம் காலத்தில் என்ன செய்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பன்னீராயிரப்படி அருளிய வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயருடைய வரலாற்றையும் இங்கே சொல்லவேண்டும். பூர்வாச்ரமத்தில் அவர் பெரியவாச்சான் பிள்ளையின் திருமடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்துவந்தவர். எழுத்தறியாதவர். வித்வான்கள் சிலர் கூடி ஏதோ சாஸ்த்ரார்த்தம் பேசிக்கொண்டிருக்க, என்ன நூல் என்று இவர் வினவினாராம். அவர்கள் எள்ளலாக, 'முஸலகிஸலயம்' என்றார்களாம். உலக்கைக் கொழுந்து என்பது அதன் பொருள். உலக்கை துளிர்க்குமா? துளிர்த்தால் அன்றோ நீ படிப்பதும் நடக்கும் என்பது குறிப்பு. அவர் ஆசார்யன் திருவடியில் விழுந்து, முப்பது வயது கடந்த பிறகு கற்கத் தொடங்கி, அந்தப் பெயராலேயே ஒரு நூலும் இயற்றி, வாதம் செய்வோருக்குச் சிங்கம் என்ற பெயரும் பெற்றார். திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வ்யாக்யானங்களுள் சொல்சொல்லாகப் பதவுரை காட்டுவது இவருடையது. புரியாமல் வாசற்படியில் நின்றவருக்குத்தான், புரியாதவனுக்கு எந்தச் சொல்லில் கால் தடுக்கும் என்பது தெரிந்திருந்தது என்று நான் நினைப்பதுண்டு.

இக்காலத்திலும் நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. ராஜாஜி 'கல்கி'யில் வாரந்தோறும் எழுதி, பிறகு நூலாக வெளிவந்து, 1958-இல் ஸாஹித்ய அகாடமி பரிசு பெற்ற 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுத்துக்கூட்டிப் படிப்போரும் படிக்கத்தக்க சிறு வாக்கியங்களால் ஆனது. அவர் செய்த ஒரு காரியத்தை உபந்யாஸம் செய்வோர் அனைவரும் கைக்கொள்ளலாம். இது வால்மீகி சொன்னது, இது கம்பர் சொன்னது என்று இடையிடையே நின்று பிரித்துக் காட்டுவார்.

இந்தப் பிரிப்பு மிக முக்கியம். கம்பநாட்டாழ்வார் திருவரங்கத்தில் தம் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபத்தைத் தாயார் ஸந்நிதிக்கெதிரே இன்றும் காட்டுகிறார்கள். அவர் மஹரிஷியைப் பின்பற்றியவர், ஆனால் வேண்டிய இடங்களில் வேறுபட்டவர். ராவணன் பிராட்டியைத் தீண்டித் தூக்கினான் என்று சொல்ல மனம் வராமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்று பாடினார். அது கவியின் பக்தி. இரண்டையும் சொல்லலாம், ஒன்றை மற்றொன்றின் பெயரால் சொல்லலாகாது. வாசலில் இளையபெருமாள் கோடு கிழித்தார் என்ற கதை வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. அணில் மணல் சுமந்து அணை கட்ட உதவிய செய்தி வால்மீகியில் கிடையாது. ஆனால் அணிலுக்கு நம் அருளிச்செயலிலேயே இடமுண்டு, தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அதை நினைக்கிறார். வழக்கில் வந்த கதையை வழக்கில் வந்தது என்று சொல்லிவிட்டால் அதன் சுவை குறைந்துவிடாது. கைபேசியில் எந்நேரமும் கதை கேட்கும் இந்நாளில், ஒருவர் தவறாகச் சொன்னது ஒரே இரவில் பல்லாயிரம் பேர் காதில் ஏறிவிடுகிறபடியால், இந்தக் கவனம் முன்னைவிட இன்று அதிகம் வேண்டும்.

பாடசாலை நாட்களில் எங்கள் ஆசார்யர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலையில் ஒரு ஸர்க்கத்துக்குப் பதச்சேதம், அந்வயம் எல்லாம் ஆகும். மாலையில் புத்தகத்தை மூடிவிட்டு, அதே ஸர்க்கத்தை மடைப்பள்ளியில் பாத்திரம் தேய்க்கும் பாட்டிக்குச் சொல் என்பார். ஸமாஸத்தை அவிழ்ப்பதைவிட அது கடினமாக இருக்கும். பாட்டி "ம்" கொட்டுவதை நிறுத்தினால் எங்களுக்கு விளங்கவில்லை என்று அர்த்தம்.

யாத்ரிகர்கள் ஊர் திரும்பியபின் தம் வீட்டுக் குழந்தைகளுக்கு இக்கட்டத்தைச் சொல்ல விரும்பினால், ஏறக்குறைய இவ்விதம் சொல்லலாம்:

"சீதைப் பிராட்டி தனியா உட்கார்ந்திண்டிருந்தா. சுத்திலும் மிரட்டறவா. மரத்து மேலே ஒரு குரங்கு. அது ராமர் அனுப்பின குரங்கு. ஆனா அது அவளுக்குத் தெரியாதே! சட்டுனு குதிச்சா பயந்துடுவாளே, பெரிய பெரிய வார்த்தையாப் பேசினா, 'அந்தப் பொல்லாத சாமியார் மறுபடி வந்துட்டான்'னு நினைச்சுப்பாளே! அதனாலே அது இறங்கவே இல்லை. மெதுவா, அவளுக்கு மட்டும் கேக்கறாப்போல, அவாத்துப் பேச்சிலேயே, அவ மாமனார் பேரைச் சொல்லி ஒரு கதை ஆரம்பிச்சுது. அவ தலையைத் தூக்கிப் பார்த்தா."

இதில் இலக்கணம் இல்லை, அலங்காரமும் இல்லை. ஆனால் மூலத்தில் இடமில்லாத செய்தி ஒன்றும் இதில் இல்லை. ஏன் இறங்கவில்லை, ஏன் மெதுவாக, ஏன் மாமனார் பெயர் என்று குழந்தை எதைக் கேட்டாலும், 30-ஆவது ஸர்க்கமும் 31-ஆவது ஸர்க்கமும் விடை வைத்திருக்கின்றன. முதியோர் அஞ்சும் அபசாரம் இதில் எங்கே இருக்கிறது? பிராட்டியை 'அவள்' என்று வீட்டுப் பேச்சில் சொல்வதால் அவள் பெருமை குறையவில்லை. அவள் துன்பத்தை வேடிக்கையாக்கினால்தான் குறையும்.

கேட்பவர் பங்கும் ஒன்றுண்டு. பிராட்டி கேட்டதைப் பாருங்கள். இனிய சொல் என்று மயங்கி உடனே நம்பிவிடவில்லை. ஐயுற்றாள், ஆராய்ந்தாள், அடையாளம் கேட்டாள். திருவடி அதற்காக வருந்தவும் இல்லை. நம் சபைகளில் உபந்யாஸம் முடிந்ததும் தீர்த்தம், சடகோபம், ப்ரஸாதம் என்று எழுந்துவிடுகிறோம். "ஸ்வாமி, இன்று சொன்னது எந்த ஸர்க்கம்? இது வால்மீகியா, கம்பரா?" என்று ஒருவர் கேட்டால் போதும். கற்றவர் மகிழ்ந்து விடை சொல்வார். கல்லாதவர் மறுநாள் பார்த்துக்கொண்டு வருவார்.

வீட்டில் இக்கதையைச் சொன்னால் குழந்தை கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும், "குரங்குக்கும் ராமருக்கும் எப்படிப் பழக்கம்?" என்பதாகவே இருக்கும். சிரித்து அடக்கிவிட வேண்டாம். நரர்களுக்கும் வாநரர்களுக்கும் சேர்க்கை எவ்வாறு நேர்ந்தது என்று 35-ஆவது ஸர்க்கத்தின் தொடக்கத்தில் பிராட்டியும் இதையேதான் கேட்டாள். விடிந்துவிடப் போகிறதே, ராக்ஷஸிகள் விழித்துக்கொள்வார்களே என்று திருவடி அவளை அவஸரப்படுத்தவில்லை. ருச்யமூக மலையில் ஸுக்ரீவன் ஒளிந்திருந்ததையும், பிராட்டி வானத்திலிருந்து இட்ட ஆபரணங்களை எடுத்துவைத்திருந்ததையும், அவற்றைப் பெருமாள் மடியில் வாங்கி அழுததையும் ஒவ்வொன்றாக, முழுவதுமாகச் சொன்னார்.